தீர்த்தமலையில் இறங்கிய விமானம்

அரூரிலிருந்து சுமார் 16 கிலோமீட்டர் போனால் தீர்த்தமலை. அடிவாரத்தில் ஒரு கோயில், மலைமேல் ஒரு கோயில். படியேறி மேலே போய்ச் சேர்கிறவர்கள் தீர்த்தகிரீசுவரரைப் பார்ப்பதற்கு முன்பே தண்ணீரைத் தேடிப் போய்விடுகிறார்கள். தலைக்கு மேலே பாறையிலிருந்து விழுகிறது ராமர் தீர்த்தம். எந்தக் கோடையிலும் அது நின்றதில்லை என்பது ஊர்ப்பேச்சு.

அந்தத் தண்ணீர் வந்த கதையைத் தருமபுரிக்காரர்கள் எல்லோரும் சொல்வார்கள். ராவணனை வென்றுவிட்டு ராமன் அயோத்திக்குத் திரும்புகிறான். முதல் காலப் பூசையை ராமேசுவரத்தில் முடித்தாயிற்று. இரண்டாம் காலப் பூசைக்குத் தீர்த்தமலை. காசித் தீர்த்தம் கொண்டுவரப் போன அனுமன் நேரத்துக்கு வந்து சேரவில்லை. வேளை தவறக் கூடாதென்று ராமன் அம்பை எய்தான். பாறை பிளந்து நீர் வந்தது. பிந்தி வந்த அனுமன் தான் சுமந்து வந்த தீர்த்தத்தை வீசியெறிய, அது தென்பெண்ணைக் கரையில் போய் விழுந்தது. அந்த இடத்துக்கு அனுமந்தீர்த்தம் என்றே பேர்.

கதையில் ஒரு கணக்கு ஒளிந்திருக்கிறது. முதல் காலத்துக்கும் இரண்டாம் காலத்துக்கும் இடையில் இருப்பது சில மணி நேரம். ராமேசுவரத்தில் கிளம்பி அரூர் வந்து சேர இன்றைய நான்கு வழிச் சாலையில் காரை விரட்டினாலும் பாதிப் பகல் போய்விடும். நடந்து வந்திருந்தால் பூசை வேளை எத்தனையோ முறை தவறியிருக்கும். ஆகவே தலபுராணம் வாய்விட்டுச் சொல்லாவிட்டாலும், புஷ்பக விமானம் தருமபுரி மாவட்டத்தில் இறங்கித்தான் ஆக வேண்டும்!

அந்த விமானம் வரும் ராமாயணத்தை ஒரு முழுநீள அனிமேஷன் படமாக்கியே தீருவது என்று பிடிவாதமாக நின்றவர் ஒரு ஜப்பானியர். பெயர் யூகோ சாகோ. அவருடைய ‘ராமாயணா: தி லெஜண்ட் ஆஃப் பிரின்ஸ் ராமா’ 2025 ஜனவரி 24 அன்று தமிழ், இந்தி, தெலுங்கு, ஆங்கிலம் ஆகிய மொழிகளில் இந்தியத் திரையரங்குகளுக்கு வந்தது. ‘பாகுபலி’ கதாசிரியர் விஜயேந்திர பிரசாத் இந்த வெளியீட்டுக்குத் துணை நின்றார். சுவரொட்டியைப் பார்த்தவர்கள் புதுப் படம் என்று நினைத்திருக்கலாம். படம் எடுத்து முடிக்கப்பட்டது 1992இல்.

சாகோ ஆவணப்பட இயக்குநர். 1983இல் தொல்லியல் அறிஞர் பி. பி. லாலின் அகழாய்வுகளைப் பற்றிப் படமெடுக்க இந்தியா வந்தார். லால் தோண்டிக்கொண்டிருந்தது ராமாயணத்தோடு தொடர்புடைய இடங்களில். வந்தவரை மண்ணைவிடக் கதை அதிகமாகப் பிடித்துக்கொண்டது. ஜப்பானிய மொழியில் கிடைத்த ராமாயணங்களை ஒன்று விடாமல் தேடிப் படித்தார். அதற்குள் இங்கே ஒரு பத்திரிகைச் செய்தி தவறாகப் புரிந்துகொள்ளப்பட்டு, வெளிநாட்டார் ராமாயணத்தைத் தம் விருப்பத்துக்குப் படமெடுக்கக் கூடாது என்று டில்லியில் ஜப்பானியத் தூதரகத்துக்கு எதிர்ப்புக் கடிதம் போயிற்று. சாகோ நேரில் விளக்கினார். விளக்கியதோடு நிற்காமல், ராமாயணத்தை அனிமேஷனாகவே எடுக்கலாமே என்று தன் ஆசையையும் சொன்னார். அவர் சொன்ன காரணம் யோசிக்க வைப்பது. ராமன் தெய்வம், ஒரு நடிகர் அந்த வேடத்தைப் போட்டால் அவருடைய முகம் குறுக்கே வந்துவிடும், வரைந்த உருவத்துக்கு அந்தச் சிக்கல் இல்லை.

அரசுத் தரப்பில் அது எடுபடவில்லை. ராமாயணத்தைக் ‘கார்ட்டூன்’ ஆக்குவதா என்ற தயக்கம் ஒருபுறம். அயோத்தி விவகாரம் கொதித்துக்கொண்டிருந்த காலம் என்பது மறுபுறம். கடைசியில் வேலையின் பெரும்பகுதி ஜப்பானிலேயே நடந்தது. இந்தியத் தரப்பிலிருந்து சேர்ந்துகொண்டவர் ராம் மோகன். ஃபிலிம்ஸ் டிவிஷனின் கார்ட்டூன் பிரிவில் 1950களில் சேர்ந்து, டிஸ்னி நிறுவனத்தில் வேலை பார்த்த கிளேர் வீக்ஸிடம் தொழில் கற்றவர். சத்யஜித் ராயின் ‘சத்ரஞ்ச் கே கிலாடி’ படத்தில் வரும் அனிமேஷன் துண்டு அவர் கைவண்ணம். சாகோ, ராம் மோகன், கொய்ச்சி சசாகி ஆகிய மூவரின் பெயரும் இயக்குநர்களாக வருகிறது.

இரு நாட்டுக் கலைஞர்கள் 450 பேர். கையால் வரைந்து வண்ணமிட்ட செல் தாள்கள் ஏறத்தாழ 1 லட்சம். வேட்டி எப்படிக் கட்டப்படுகிறது, பெரியவர் காலைத் தொட்டு வணங்கும் பிள்ளை எப்படிக் குனிகிறது என்பதையெல்லாம் இந்தியக் கலைஞர்கள் சொல்லிக்கொடுக்க, ஜப்பானியக் கைகள் வரைந்தன. நம் வீட்டில் யாரும் யாருக்கும் சொல்லித் தராத இந்த அசைவுகளைப் பாடமாக நடத்த வேண்டி வந்ததே ஒரு தனிக் கதை.

1 லட்சம் என்ற எண் எங்கிருந்து வருகிறது என்று பார்ப்பது சுவாரசியமானது. சினிமாவில் ஒரு விநாடிக்கு 24 சட்டகங்கள் ஓடுகின்றன. ஒவ்வொன்றுக்கும் தனி ஓவியம் போட்டால் கை ஒடிந்துவிடும் என்பதால், ஒரே ஓவியத்தை இரண்டு சட்டகங்களுக்கு நிறுத்திவைப்பது தொழில் வழக்கம். அப்படியென்றால் விநாடிக்கு 12 ஓவியம். படத்தின் நீளம் 135 நிமிடம், அதாவது 8,100 விநாடி. பெருக்கினால் 97,200. ஒரே காட்சியில் பல அடுக்குத் தாள்கள் வரும், சில காட்சிகளில் அசைவே இருக்காது என்பதால் கணக்கு முன்னே பின்னே நகரும். ஆனாலும் ஒரு மனிதர் தனியாக உட்கார்ந்து நாளைக்கு 10 ஓவியம் வீதம் அந்த 1 லட்சத்தையும் வரைந்திருந்தால் 27 ஆண்டுக்கு மேல் ஆகியிருக்கும்.

1993 ஜனவரி 10 அன்று புதுடில்லியில் நடந்த இந்தியச் சர்வதேசத் திரைப்பட விழாவில் படம் காட்டப்பட்டது. பாபர் மசூதி இடிக்கப்பட்டு ஒரு மாதம்தான் ஆகியிருந்தது. ராமன் பெயரில் ஒரு படத்தைப் படமாக மட்டும் பார்க்கும் மனநிலையில் நாடு இல்லை. பிறகு தொலைக்காட்சி வழியாகத்தான் அது பிள்ளைகளிடம் போய்ச் சேர்ந்தது. இந்தி வடிவத்தில் ராமனுக்குக் குரல் கொடுத்தவர் அருண் கோவில். மொழி புரியாவிட்டாலும் ஞாயிற்றுக்கிழமை காலையில் ராமாயணத் தொடருக்காகத் தூர்தர்ஷன் முன் உட்கார்ந்த தலைமுறைக்கு அவர்தான் ராமன். நடிகர் முகம் வேண்டாம் என்று சாகோ ஒதுங்கிப் போனாலும், அந்த முகத்துக்குரிய குரல் பின்வாசல் வழியாக உள்ளே வந்துவிட்டது. சாகோ 2012இலும் ராம் மோகன் 2019இலும் மறைந்தார்கள். திரையரங்கில் இந்தியக் கூட்டம் அதைப் பார்த்த நாளை இருவருமே பார்க்கவில்லை.

சாகோவின் படத்திலிருந்து சற்று விலகி, தருமபுரி நகரத்துக்குள் வரலாம்.

கோட்டைப் பகுதியில் இருக்கும் மல்லிகார்ஜுனேசுவரர், காமாட்சி அம்மன் கோயிலுக்குப் போகிறவர்கள் தவறாமல் செய்கிற காரியம் ஒன்று உண்டு. அங்கே இரண்டு தொங்கும் தூண்கள் இருக்கின்றன. தூணின் அடி தரையில் முழுசாகப் படாமல் நிற்கிறது. ஒரு தாளையோ துணியையோ அடியில் விட்டு மறுபக்கம் இழுத்துப் பார்த்து வாயைப் பிளப்பார்கள். கல்லுக்குக் கனமே இல்லாததுபோல் காட்டிவிட்டான் சிற்பி.

அனிமேஷன்காரர் செய்ய வேண்டியது இதற்கு நேர் தலைகீழ். அவர் கையில் இருப்பது மை. அதற்குக் கனமே கிடையாது. கனம் இருப்பதாக நம்மை நம்பவைக்க வேண்டும்.

பறக்கும் படங்களின் வெற்றி தோல்வி முழுக்க இதில்தான் அடங்கியிருக்கிறது. ஆட்களை வைத்து எடுக்கும் சினிமாவில் ஒருவரைப் பறக்கவிடுவது பெரும்பாடு. கயிறு கட்ட வேண்டும், மாதிரி செய்ய வேண்டும். 1963இல் எம்.ஜி.ஆர். நடித்த ‘கலை அரசி’யில் வேற்றுக்கிரகத்தார் பறக்கும் தட்டில் வந்து பானுமதியைத் தூக்கிக்கொண்டு போனபோது, அதைக் காட்டியதே ஒரு சாதனை. வரைந்த படத்தில் அப்படியில்லை. பூசணிக்காயும் பறக்கும், புளியமரமும் பறக்கும். செலவு ஒரே செலவுதான். எதையும் பறக்கவிடலாம் என்பதாலேயே எது பறந்தாலும் பார்க்கிறவருக்கு ஒன்றும் தோன்றாது. முதலில் அந்தப் பொருள் கனமானது, தரையை விட்டுக் கிளம்ப அதற்கு மனமில்லை என்று காட்டியாக வேண்டும்.

அதற்கு வழிகள் இருக்கின்றன. மண்டியில் புளி மூட்டை ஏற்றிய லாரி கிளம்புவதைப் பார்த்தால் போதும். முதலில் உடம்பைக் குலுக்கும். ஓர் அங்குலம் பின்னுக்குப் போகும். பிறகு மெல்ல நகரும். வேகம் பிடிக்க நேரமாகும். நிறுத்த நினைத்தாலும் உடனே நிற்காது. இதை ஓவியங்களாகப் பிரித்தால், தொடக்கத்தில் ஒரு தாளுக்கும் அடுத்த தாளுக்கும் இடையே வண்டி மயிரிழை அளவுதான் நகர்ந்திருக்கும்; போகப் போக இடைவெளி கூடும். கிளம்புமுன் சற்றுத் தாழ வேண்டும், எழும்போது தூசி பறக்க வேண்டும், பக்கத்தில் நிற்பவன் வேட்டி படபடக்க வேண்டும். சாகோவின் படத்தில் கும்பகர்ணன் வரும் காட்சியைப் பலரும் இன்றுவரை பேசுவதற்குக் காரணம் இதுதான். அவன் அடியெடுத்து வைக்க எடுத்துக்கொள்ளும் நேரமே அவன் எடையைச் சொல்லிவிடுகிறது.

புஷ்பகத்துக்கு இந்த உதவி கிடையாது. அது மனத்தால் ஓடுகிற ஊர்தி. நினைத்தால் கிளம்பும், எத்தனை பேர் ஏறினாலும் இடமிருக்கும். சக்கரம் இல்லை, கயிறு இல்லை, ஓட்டுநர் இல்லை. குபேரனுடைய விமானம் அது; ராவணன் தன் அண்ணனிடமிருந்து பிடுங்கிக்கொண்டான். ஊர் போய்ச் சேர்ந்ததும் ராமன் அதை உரியவனிடமே திருப்பி அனுப்பினான் என்பது வண்டி இரவல் வாங்குகிறவர்கள் கவனிக்க வேண்டிய பகுதி. வான்மீகியும் கம்பனும் அந்த விமானத்தைப் பொறியாகப் பார்க்கவில்லை. உயரமான ஓர் இடமாகப் பார்த்தார்கள். போர்க்களம் இதோ, அணை இதோ, கிட்கிந்தை இதோ என்று சீதைக்கு ராமன் கீழே சுட்டிக்காட்டிக்கொண்டே வரும் பகுதியைப் படித்தால், கிரேனும் டிரோனும் வருவதற்கு வெகு முன்பே வானிலிருந்து எடுத்த காட்சி என்று தோன்றும். கவிஞர்களுக்கு அது போதும். எந்திரத்தைத் திரையில் பார்க்க ஆசைப்படுகிறவர்களுக்குப் போதாது.

இந்த இடத்தில் இன்னொரு ஜப்பானியப் படத்தைச் சொல்லாமல் நகர முடியாது. ஹயாவோ மியாசாகியின் ‘காசில் இன் தி ஸ்கை’ 1986 ஆகஸ்ட் 2 அன்று வெளியானது. கிப்ளி ஸ்டுடியோவின் முதல் படம். ஒரு சுரங்க ஊர்ப் பையன், வானத்திலிருந்து மெல்ல மிதந்து இறங்கும் ஒரு பெண், அவள் கழுத்தில் ஒரு கல், மேகத்துக்குள் மறைந்திருக்கும் லபுடா என்ற மிதக்கும் தீவு. லபுடா என்ற பெயர் ஜோனத்தன் ஸ்விஃப்ட் 1726இல் எழுதிய ‘கலிவரின் பயணங்க’ளிலிருந்து எடுத்தது. சுரங்க ஊரின் சாயல் மியாசாகி நேரில் போய்ப் பார்த்த வேல்ஸ் நாட்டினுடையது.

அந்தப் படத்தில் தமிழ் ரசிகர் நிமிர்ந்து உட்காரும் இடம் ஒன்று இருக்கிறது. வில்லன் முஸ்கா லபுடாவின் பேரழிவு ஆயுதத்தை ஏவிக் காட்டிவிட்டுப் பெருமையடிக்கிறான். விவிலியத்தில் வரும் வானத்து நெருப்பு இதுதான், ராமாயணம் இந்திரனின் அம்பு என்று சொல்வதும் இதைத்தான் என்கிறான். சாகோ ராமாயணத்தை வரைய அனுமதி கேட்டு அலைந்துகொண்டிருந்த அதே ஆண்டுகளில், ஜப்பானில் இன்னொருவர் தம் கற்பனை எந்திரத்துக்கு ராமாயணத்தைச் சாட்சிக்கு அழைத்திருக்கிறார்.

மியாசாகியின் பறக்கும் பொறிகளில் எல்லாம் தேய்மானம் தெரியும். கொள்ளைக்காரக் கிழவி டோலாவின் கும்பல் ஏறிவரும் சிறு ஊர்தி தும்பிபோலச் சிறகடித்துப் பறக்கிறது. அவளுடைய பெரிய ஆகாயக் கப்பலில் யாராவது ஒருவர் எதையாவது பழுது பார்த்துக்கொண்டே இருக்கிறார். எண்ணெய்ப் பிசுக்கு, ஒட்டுத் துணி, தட்டினால்தான் ஓடும் என்ஜின். இதற்கு ஒரு காரணம் வீட்டிலேயே இருந்தது. 1941இல் பிறந்த மியாசாகியின் குடும்பத் தொழில் விமான உதிரி பாகம். போர்க்காலத்தில் ஜீரோ ரகப் போர் விமானங்களுக்கு வால் சுக்கான் செய்து கொடுத்த தொழிற்சாலையை அவர் தந்தை நடத்தினார். கிப்ளி என்ற பெயரே ஓர் இத்தாலிய விமானத்தின் பெயர். விமானத்தைக் கனவாகப் பார்ப்பதற்கு முன்பே தகடாகவும் திருகாணியாகவும் பார்த்தவர் அவர். அந்தத் தகடும் திருகாணியும்தான் திரையில் கனமாகத் தெரிகின்றன.

தகடும் திருகாணியும் தமிழில் இல்லையா? இந்தக் கேள்வி வந்ததும் புறநானூற்றில் ஓட்டுகிறவன் இல்லாமல் வானில் போகும் ஊர்தியைப் பற்றி வருகிறதே என்று சொல்ல ஆயிரம் பேர் இருக்கிறார்கள். உண்மைதான். ஆனால் அது நல்வினை செய்தவர்கள் மேலுலகம் போகும் ஊர்தி. எதனால் செய்தார்கள், எப்படி ஓடியது என்று புலவர் சொல்லவில்லை. சொல்ல அவருக்குத் தேவையும் இல்லை.

சொன்னவர் திருத்தக்கதேவர். சீவக சிந்தாமணியின் தொடக்கத்திலேயே வருகிறது மயிற்பொறி. ஏமாங்கத நாட்டு அரசன் சச்சந்தன், அரசி விசயை. ஆட்சியை அமைச்சன் கட்டியங்காரனிடம் விட்டுவிட்டு அந்தப்புரமே கதி என்று கிடக்கிறான் அரசன். விசயை கெட்ட கனவு காண்கிறாள். வரப்போவதை உணர்ந்த அரசன் ஒரு தச்சனைக் கூப்பிட்டுப் பறக்கும் மயில் ஒன்று செய்யச் சொல்கிறான். தச்சன் எடுத்துக்கொண்ட நாள் ஏழு. பயன்படுத்திய பொருள்களைக் காவியம் கடைச் சிட்டைபோல் அடுக்குகிறது. துணி, நூல், பிசின், அரக்கு, மெழுகு. மந்திரம் இல்லை, முனிவர் வரம் இல்லை. சந்தையில் வாங்கக்கூடிய சரக்கு.

ஓட்டும் முறையும் இருக்கிறது. பொறியை வலப்பக்கம் திருகினால் மயில் எழுந்து மேகத்தைக் கிழித்துக்கொண்டு பறக்கும். இடப்பக்கம் திருகினால் இறங்கிக் காலைக் குவித்து உட்காரும். விசயை கர்ப்பிணி. அவளே ஓட்டப் பழகிக்கொள்கிறாள். தமிழ்க் காவியத்தில் விமானம் ஓட்டக் கற்ற பெண் ஒருத்தி இருக்கிறாள் என்பதை எத்தனை பாடப்புத்தகங்கள் சொல்கின்றன?

கட்டியங்காரன் அரண்மனையை வளைக்கிறான். அரசன் மனைவியை மயிலில் ஏற்றி அனுப்பிவிட்டுப் போருக்குப் போகிறான். அவள் வானில் இருக்கும்போது கீழே பகைவனின் வெற்றி முரசு கேட்கிறது. கணவன் இறந்துவிட்டான் என்று புரிந்து மயங்குகிறாள். மயில் ஊருக்கு வெளியே சுடுகாட்டில் இறங்குகிறது. அந்த இருட்டில், அந்தச் சாம்பலில் சீவகன் பிறக்கிறான்.

இதைவிட நல்ல முதல் பத்து நிமிடம் எந்த அனிமேஷன் படத்துக்குக் கிடைக்கும்? மெழுகும் துணியும் என்பதால் மயிலுக்கு எடை உண்டு. நிறைமாதப் பெண் ஏறியிருப்பதால் அந்த எடைக்குப் பதற்றம் உண்டு. திருகும் கை இருப்பதால் அது தளர்ந்தால் என்ன ஆகும் என்ற கேள்வி உண்டு. மனத்தால் ஓடும் புஷ்பகத்தால் கொடுக்க முடியாததை எல்லாம் ஒரு தச்சனின் மயில் கொடுத்துவிடுகிறது. ஏறத்தாழ ஆயிரம் ஆண்டுப் பழைய காவியம். உ. வே. சாமிநாதையர் சுவடிகளைத் தேடி ஒப்பிட்டு 1887இல் பதிப்பித்த பிறகு அச்சிலும் கிடைத்துக்கொண்டிருக்கிறது. அதற்கு முந்தைய பெருங்கதையில் மன்னன் உதயணனைப் பிடிக்க வீரர்களை வயிற்றுக்குள் ஒளித்துவைத்து அனுப்பும் எந்திர யானை வேறு இருக்கிறது. அதை எழுதிய கொங்குவேளிர் பக்கத்துக் கொங்கு நாட்டுக்காரர்.

பழைய எந்திரங்களைப் பற்றிப் பேசும்போது ஓசூர்ப் பக்கம் போகாமல் இருக்க முடியாது. 1965 அக்டோபர் 2 அன்று சேலத்திலிருந்து பிரிந்து தருமபுரி மாவட்டம் உருவானது. 2004இல் கிருஷ்ணகிரி தனி மாவட்டமாகும்வரை ஓசூர் தருமபுரி மாவட்டத்தில்தான் இருந்தது. அந்த ஓசூர் வட்டாரத்தில் பிறந்து ஆனேக்கல்லில் வாழ்ந்தவர் பண்டிதர் சுப்பராய சாஸ்திரி. ‘வைமானிக சாஸ்திரம்’ என்ற நூலை அவர் இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் வாய்மொழியாகச் சொல்ல, இன்னொருவர் எழுதினார். பரத்வாச முனிவர் அருளியது என்பது அவர் கூற்று. சகுனம், சுந்தரம், ருக்மம், திரிபுரம் என்று நான்கு விமானங்களுக்குப் பெங்களூரில் ஒரு வரைவாளர் படமும் போட்டுக்கொடுத்தார். 1974இல் பெங்களூர் இந்திய அறிவியல் கழகத்தைச் சேர்ந்த 5 ஆய்வாளர்கள் உட்கார்ந்து அந்த நூலைச் சலித்தார்கள். நூல் பழையதல்ல, 1904க்குப் பிந்தையது. அதில் சொன்னபடி கட்டினால் எந்த விமானமும் பறக்காது என்று எழுதிவிட்டார்கள். ஆனாலும் அந்தப் படங்கள் இன்றுவரை கைபேசியில் சுற்றி வருகின்றன. கோபுரம்போல் அடுக்கடுக்காக இருக்கும் அந்த ருக்ம விமானத்தை அறிவியல் என்று நம்புவதுதான் கோளாறு. ஒரு சினிமாவுக்குக் கலை இயக்குநர் வரைந்த படம் என்று எடுத்துக்கொண்டால் நன்றாகவே இருக்கிறது.

அதே வட்டாரத்தில்தான் நிஜ விமானமும் பிறந்தது. ஓசூருக்குப் பக்கத்தில் பேளகொண்டப்பள்ளியில் தனேஜா ஏரோஸ்பேஸ் நிறுவனம் 1990களில் விமானம் செய்யத் தொடங்கியது. இந்தியாவில் சிறு விமானம் தயாரிக்க இறங்கிய முதல் தனியார் நிறுவனம் அது. இத்தாலியின் பார்ட்டநாவியா நிறுவனத்தோடு சேர்ந்து 6 பேர் உட்காரும் இரட்டை என்ஜின் பி68 விமானத்தை உருவாக்கினார்கள். பிறகு பெங்களூர் தேசிய விண்வெளி ஆய்வகம் வடிவமைத்த ஹன்சா என்ற இரண்டு இருக்கைப் பயிற்சி விமானமும் அங்கே தயாரானது. ஹன்சா என்றால் அன்னம். மயிலைச் செய்தவன் தச்சன்; அன்னத்தைச் செய்தவர்கள் நிறுவனச் சம்பளக்காரர்கள். தருமபுரி மாவட்டம் என்று முகவரி போட்டு விமானம் வெளியே போன காலம் ஒன்று இருந்தது என்பது இன்று மாவட்டத்துக்காரர்களுக்கே மறந்துவிட்டது.

கதை இருக்கிறது, எந்திரமும் இருக்கிறது. படம் மட்டும் ஏன் இல்லை? தமிழ்நாட்டில் அனிமேஷன் தெரிந்தவர்கள் இல்லை என்று சொல்ல முடியாது. ஜெமினி ஸ்டுடியோவில் 1947லேயே ‘சினிமா கதம்பம்’ என்ற கார்ட்டூன் படம் செய்தார்கள். சென்னையின் பென்டாமீடியா 2000இல் ‘சிந்துபாத்’ கதையை ஹாலிவுட்காரர்களோடு சேர்ந்து முழுநீளக் கணினிப் படமாக்கியது. நடிகர்களின் உடலசைவைப் பதிவு செய்து உருவத்துக்கு ஏற்றும் முறையை முழுப் படத்துக்கும் பயன்படுத்திய முன்னோடி முயற்சி அது. அதே நிறுவனத்தின் ‘பாண்டவாஸ்’ தேசிய விருது பெற்றது. 2007இல் ‘இனிமே நாங்கதான்’ வந்தது. 2014இல் சௌந்தர்யா ரஜினிகாந்த் இயக்கிய ‘கோச்சடையான்’ வந்தது. இன்றைக்கு வெளிநாட்டுப் பெரும் படங்களின் கிராஃபிக்ஸ் வேலையில் ஒரு பங்கு சென்னையில் நடக்கிறது.

குறை எங்கே என்றால், நம் படங்கள் முகத்தைத் துரத்தின. கோச்சடையானில் ரஜினியின் முகம் ரஜினியாகத் தெரிகிறதா என்பதுதான் பேச்சாக இருந்தது. குதிரை நடந்ததா, கப்பலுக்குக் கனம் இருந்ததா என்று கேட்டவர்கள் குறைவு. அதற்கு முப்பது ஆண்டுக்கு முன்பே நடிகர் முகம் வேண்டாம் என்றுதான் சாகோ அனிமேஷனுக்குப் போனார். நாம் அனிமேஷனுக்குள்ளும் நடிகர் முகத்தைக் கொண்டுபோனோம். விசயையின் மயிலுக்கு நட்சத்திரம் தேவையில்லை. ஏழு நாள் கணக்கை விநாடிக்கு 12 தாளாகப் பிரித்து உட்கார்ந்து வரையத் தெரிந்த கைகள் போதும்.

அப்படி வரைய உட்காருகிறவர்களுக்கும், அவர்களை வளர்க்கும் பெற்றோருக்கும் ஒரு விலாசம் பக்கத்திலேயே இருக்கிறது. தருமபுரி கோட்டைக் கோயிலில் தொங்கும் தூணைப் பார்த்து வியந்த கூட்டம் அப்படியே வெளியேறிவிடுகிறது. காமாட்சி அம்மன் சன்னதியின் அடிப்பீடத்தில், யானைகள் தாங்கி நிற்கும் அந்தக் கல்வரிசையில், ராமாயணக் காட்சிகளைச் சின்னச் சின்னதாகச் செதுக்கியிருக்கிறார்கள். ஒரு படம் எடுப்பதற்கு முன் காட்சிகளைக் கட்டம் கட்டமாக வரைந்து சுவரில் ஒட்டிவைப்பார்களே, ஸ்டோரிபோர்டு, அதேதான், கல்லில். அடுத்த முறை போகும்போது தூணுக்கடியில் தாளை விட்டு எடுத்த கையோடு, பிள்ளைகளிடம் ஒரு நோட்டும் பென்சிலும் கொடுத்து அந்தப் பக்கம் அழைத்துப் போங்கள். அடிப்பீடத்தில் இருப்பதால் நின்றபடி பார்த்தால் ஒன்றும் தெரியாது. தரையில் உட்கார வேண்டும்.